உள்ளே மிஞ்சிய சுண்ணாம்பு: ஓட்டுக்கணவாயின் ஓட்டில் செய்த எலும்பு நிரப்பிக் கட்டிகள் ஏன் பிளந்தன?

உலையிலிருந்து எடுத்தபோது கட்டிகளில் ஒரு குறையும் தெரியவில்லை. 1200 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்ட பிறகு வெள்ளை வெளேரென்று, விளிம்பு உடையாமல், விரலால் அழுத்தினால் நொறுங்காமல் இருந்தன. சுடுவதற்கு முன் பார்த்த எடையும் கணக்கிட்டபடியே வந்திருந்தது. மூடாத தட்டில், கொழும்பின் வழமையான ஈரக்காற்றில் அவற்றை வைத்தார்கள். மறுநாள் சில கட்டிகளில் மயிரிழை வெடிப்பு. அடுத்தடுத்த நாட்களில் வெடிப்பு அகன்று, பாதிக்கு மேற்பட்டவை தாமாகவே பிளந்தன. பிளந்த முகத்தில் ஓரம் இன்னும் உறுதியாகத்தான் இருந்தது. நடுப்பகுதி மாவாகிக் கொட்டியது.

கொழும்பில் ஒரு சிறு ஆய்வுகூடத்தில், பல் பிடுங்கிய குழியையும் தாடை எலும்பின் சிறு பள்ளங்களையும் நிரப்பக்கூடிய பொருளொன்றை ஓட்டுக்கணவாயின் ஓட்டிலிருந்து செய்து பார்க்கும் முயற்சியில் வந்த தொகுதி இது. மனிதருக்கோ விலங்குக்கோ வைக்கும் கட்டத்துக்கு அது போகவில்லை. போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் இந்த ஆய்வின் கனம் புரியும். அந்த மாவு கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது சுண்ணாம்பு. ஈரம் பட்ட இடத்தில் அதன் காரத்தன்மை பீ.எச். 12ஐத் தொடும். எந்த எலும்புக் கலமும் அதற்குத் தாங்காது.

ஏன் கணவாய் ஓடு

எலும்பின் கனிமப் பகுதி ஹைட்ரொக்சிஅபடைட் (சுருக்கமாக அபடைட்) என்னும் கல்சியம் பொசுபேற்றை ஒத்தது. அதில் கல்சியம் 10 மூல் இருந்தால் பொசுபரசு 6 மூல் இருக்கும், விகிதம் 1.67. கடலில் கிடைக்கும் ஓடுகளும் பவளங்களும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதன் நுண்துளை அமைப்பைக் குலைக்காமல் காபனேற்றை மட்டும் பொசுபேற்றாக மாற்றலாம் என்பதை 1974இல் டெல்லா ரோய், சாரி லினஹான் இருவரும் பவளத்தில் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்த இன்டர்போர், புரோ ஒஸ்டியோன் போன்ற பொருட்கள் பல ஆண்டுகளாகச் சத்திரசிகிச்சையில் பயன்பட்டு வந்திருக்கின்றன.

பவளம் நமக்கு ஆகாது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தமும் கரையோர வலயத்தில் பவளம் தோண்டுவதைத் தடுக்கின்றன. கல்பவளங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத வேலைதான் அது. 2004 ஆழிப்பேரலையில், பவளம் தோண்டி எடுக்கப்பட்டிருந்த பெரலியவில் கடல் உட்புகுந்த விதத்தையும், பவளப்பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் சேதம் குறைந்ததையும் பார்த்த நாடு இது.

கணவாய் ஓடோ கழிவு. பேலியகொடை மீன் சந்தையில் ஓட்டுக்கணவாயைச் சுத்தம் செய்யும் இடத்தில் ஓடு தனியே குவியும். சூரை போன்ற பெரிய மீனின் முள்ளும் கழிவுதான், அதைச் சுட்டாலும் அபடைட் கிடைக்கும். ஆனால் கிடைப்பது தூள். கணவாய் ஓட்டில் இயற்கையே துளையமைப்பைக் கட்டி வைத்திருக்கிறது: மெல்லிய கிடைத் தட்டுகள், அவற்றுக்கிடையே சில நூறு மைக்ரோமீற்றர் உயர இடைவெளி, தட்டுகளைத் தாங்கும் சுவர் போன்ற தூண்கள். கன அளவில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். இரத்தக் குழாயும் எலும்புக் கலமும் உள்ளே வளர 100 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட துளை வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இந்த ஓடு அதைத் தாராளமாகத் தாண்டுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பல் மருத்துவர்கள் இன்று கைக்கொள்ளும் நிரப்பிகளில் பல மாட்டெலும்பிலிருந்து வருபவை. மேலே போர்த்தும் கொலாஜன் படலங்களில் சில பன்றியிலிருந்து வருபவை. கொழும்பில் ஒரே காத்திருப்பு அறையில் இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் கிறிஸ்தவரும் உட்கார்ந்திருப்பார்கள். பொருள் எதிலிருந்து வந்தது என்று கேட்கும் நோயாளிக்குச் சங்கடமில்லாத பதில் வேண்டும். இதை ஒரு சிறிய விடயமாக நாம் கருதவில்லை.

ஓடு வாங்குதல், வெட்டுதல்

சந்தையில் அன்றே எடுத்த ஓடுதான் நல்லது. குருவிக் கடைகளில் தொங்கும் ஓடும், கெபோஸ் லேன் நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கும் ஓடும் பெரும்பாலும் கரையொதுங்கியவை. எந்தக் கடல், எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது, எந்தப் பாசி உள்ளே போனது என்று ஒன்றும் சொல்ல முடியாது. பதிவேட்டில் மூலம் எழுத முடியாத ஓடு ஆராய்ச்சிக்கு உதவாது.

மையும் சளியும் காய்வதற்கு முன் ஓடும் நீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு இரவு ஊறவிட்டு, 60 பாகையில் உலர்த்த வேண்டும். முதுகுப் பக்கத்துக் கெட்டியான கேடயத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிடுங்கள். அது அடர்த்தியானது, கைற்றின் என்ற கடினமான கரிமப் பொருள் அதிகம், உள்ளே கரைசல் போகாது. உள்ளே இருக்கும் மென்மையான வெண்பகுதியை நுண்பல் வாளால், நீரில்லாமல், 10 மில்லிமீற்றர் கனக் கட்டிகளாக வெட்டலாம். சவர அலகும் போதும். அழுத்தக் கூடாது, இழுத்து அறுக்க வேண்டும். அழுத்தினால் மேல் இரண்டு மூன்று தட்டுகள் நசுங்கி வாயை அடைத்துவிடும்.

இந்த அமைப்பை ஒரு மாடிக் கட்டடமாக நினைத்தால் பின்னால் வரும் கோளாறு எளிதில் விளங்கும். ஒவ்வொரு மாடிக்கும் தரையும் கூரையும் மூடியவை. படிக்கட்டு இல்லை. உள்ளே போக ஒரே வழி, நாம் வெட்டித் திறந்த நான்கு பக்கவாட்டு முகங்கள். மேல் முகத்தில் ஊற்றும் கரைசல் அடுத்த மாடிக்கு இறங்காது. அதனால் கட்டியைத் தட்டுகளின் திசை பார்த்து வெட்ட வேண்டும். எது பக்கவாட்டு முகம் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பது வீண் வேலை அல்ல.

கரிமப் பொருளை நீக்குதல்

ஓட்டின் எடையில் சில சதவீதம் கைற்றினும் புரதமும். அவற்றை நீக்கப் பொதுவாக இரண்டு வழிகள்: சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் ஊறவைப்பது, அல்லது 350 பாகையில் மூன்று மணி நேரம் சூடாக்குவது. முதல் வழியில் புரதம் நன்றாகப் போகும். கைற்றின் எளிதில் போகாது. கட்டிகளுக்குச் சூடுதான் நல்லது என்பது நமது முடிவு. நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேல் ஏற்றக்கூடாது; வேகமாக ஏற்றினால் உள்ளே எழும் வாயு மெல்லிய தூண்களை உடைக்கும். நீக்கம் முழுமையா என்பதை நிறமே சொல்லும்: வெட்டிய முகம் சாம்பல் நிறமானால் கரி மிஞ்சியிருக்கிறது, இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டக் கூடாது.

கூட்டக் கூடாததற்குக் காரணம் இது. ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்று அரகொனைட் என்ற படிக வடிவில் இருக்கிறது. 400 பாகையை நெருங்கும்போதே அது கல்சைட்டாக மாறத் தொடங்கிவிடும். கல்சைட் நீரில் கரைவது குறைவு, ஆகவே பொசுபேற்றாக மாறுவதும் மெதுவாகும். மாறும்போது கன அளவும் 8 சதவீதம் அளவில் கூடுவதால் சுவர்களில் நுண் வெடிப்பு விழும்.

மாற்றம்: கணக்கும் கலமும்

மூடிய அமுக்கக் கலத்தில், 200 பாகையில், டைஅமோனியம் பொசுபேற்றுக் கரைசலில் கட்டிகளை வைத்தால், காபனேற்று வெளியேறிப் பொசுபேற்று உள்ளே வரும். பத்து மூல் கல்சியம் காபனேற்றுக்கு ஆறு மூல் பொசுபேற்று. எடையில் சொன்னால் 10 கிராம் ஓட்டுக்கு 7.92 கிராம் டைஅமோனியம் பொசுபேற்று. ஆய்வுகூடத் தரமான இரசாயனம்தான் வேண்டும். உரக்கடையில் டி.ஏ.பி. என்று விற்பதில், அது செய்யப்பட்ட பாறையின் புளோரினும் கட்மியமும் இரும்பும் கூடவே வரும்.

இந்த மாற்றத்தில் பலரை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. 10 கிராம் கல்சியம் காபனேற்று முழுவதும் மாறினால் கிடைக்கும் அபடைட் 10.04 கிராம். எடை அசையவே இல்லை! முற்றாக மாறிய கட்டியும் பாதி மாறிய கட்டியும் தராசில் ஒன்றுபோலவே நிற்கும். பார்வைக்கும் இரண்டும் வெள்ளை. பிளந்த தொகுதியில் "எடை சரி" என்று பதிவேட்டில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண் எதற்கும் சாட்சி அல்ல.

அந்தத் தொகுதியில் செய்யப்பட்டது இது: டெப்லோன் உறையிட்ட 100 மில்லிலீற்றர் உருக்குக் கலத்தில் 6 கிராம் கட்டிகள், கணக்குக்குச் சரியாக 4.75 கிராம் டைஅமோனியம் பொசுபேற்று, கலத்தின் முக்கால் பங்கு வரை நீர், 200 பாகையில் 24 மணி நேரம். பின்பு கழுவி உலர்த்தி, சூளை.

எங்கே பிழைத்தது

நல்ல வேளையாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு கட்டிகளை எடுத்து, குறியிட்டு, சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்துபாத்திரத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

கலத்திலிருந்து வந்து, இன்னும் சுடப்படாத கட்டியொன்றை நடுவில் அறுத்து, கைவில்லையின் கீழ் வைத்து, வெட்டு முகத்தில் ஓரத்திலிருந்து நடுவரை வரிசையாக வினாகிரிச் சொட்டுகள் விடப்பட்டன. ஓரத்தில் சொட்டு அமைதியாக ஊறியது. மூன்று மில்லிமீற்றர் உள்ளே போனதும் தட்டுகளுக்கிடையிலிருந்து நூல் போலக் குமிழிகள் எழத் தொடங்கின. நடுவில் சொட்டு நுரைத்துப் பொங்கியது. அபடைட் வினாகிரியில் குமிழி விடாது, காபனேற்று விடும். செலவில்லாத இந்தச் சோதனை கட்டியின் வரைபடத்தையே போட்டுக் காட்டிவிட்டது.

எக்ஸ்-கதிர்க் கோணல், அதாவது எக்ஸ்-கதிர் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை, அதை உறுதி செய்தது. செப்புக் கதிரில் அபடைட்டின் முக்கிய உச்சிகள் 31.8, 32.2, 32.9 பாகைகளில் வரும். அரகொனைட்டைத் தேடுவோர் 26.2 பாகை உச்சியை நம்பக்கூடாது, அபடைட்டின் 25.9 உச்சி பக்கத்திலேயே நின்று அதை மறைக்கும். 27.2 பாகையைத்தான் பார்க்க வேண்டும். ஓரத்தில் சுரண்டிய தூளில் 27.2இல் ஒன்றுமில்லை. நடுவில் எடுத்த தூளில் தெளிவான உச்சி. கூடவே 29.4 பாகையில் இன்னொரு உச்சி: கல்சைட். கட்டி முழுவதையும் அரைத்துக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்திருந்தால், பெரும்பகுதி அபடைட் என்ற நல்ல செய்திதான் வந்திருக்கும்.

சுடும்போது நடந்தது இனி எளிது. நடுவில் மிஞ்சிய காபனேற்று 1200 பாகையில் காபனீரொட்சைட்டை இழந்து சுட்ட சுண்ணாம்பாக, அதாவது கல்சியம் ஒட்சைட்டாக ஆனது. கொழும்புக் காற்றின் ஈரம் அதை நீற்றியது. நீறும்போது கன அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். சுற்றியிருந்த அபடைட் ஓட்டுக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. பிளந்த முகத்தில், காரம் பட்டால் சிவக்கும் பினோத்தலீன் சொட்டு விட்டதும் நடுப்பகுதி கருஞ்சிவப்பாக மாறியது, ஓரம் நிறம் மாறவில்லை. குளிரூட்டிய வறண்ட அறையில் வைத்திருந்தால் பிளவு பல நாள் தள்ளிப் போயிருக்கும், குறை தெரியாமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். இந்த விடயத்தில் ஈரக்காற்று உதவியே செய்தது.

நடு ஏன் மாறவில்லை? ஒரே காரணம் இல்லை. மூன்று சேர்ந்திருந்தன.

முதலாவது காற்று. கட்டிகளைக் கரைசலில் போட்டு, அவை மூழ்கியதும் நிறைந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கனசென்ரிமீற்றர் கட்டி, 92 சதவீத வெற்றிடம் என்று வைத்தால், உலர்ந்த எடை 0.23 கிராம் வரும். அதன் வெற்றிடத்தில் 83 சதவீதம் நிறைந்ததுமே அது மூழ்கிவிடும். மிச்சம் 17 சதவீதம் காற்று எங்கே இருக்கும்? வெட்டிய முகங்களிலிருந்து மிகத் தொலைவில், நடுவில்தான். முழுதும் நிறைந்த கட்டி, மேல் ஈரத்தை ஒற்றியெடுத்த பின் 1.15 கிராம் நிறுக்க வேண்டும். இங்கே மட்டும் தராசை நம்பலாம்.

இரண்டாவது, கலத்தில் அளவுக்கு மீறிய சரக்கு. 200 பாகையில் நீராவி மட்டுமே 1.55 மெகாபஸ்கால் அமுக்கம் தரும். 6 கிராம் காபனேற்று முழுவதும் மாறினால் வெளிவரும் காபனீரொட்சைட்டு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். முக்கால் நிறைத்த கலத்தில் எஞ்சியது 25 மில்லிலீற்றர் வெளி. 200 பாகையில் நீர் 15 சதவீதம் விரிவதால் அதுவும் பாதியாகிவிடும். வாயுவில் ஒரு பகுதி கரைசலில் கரைந்து அமோனியாவோடு பிணைந்து நிற்கும் என்றாலும், இவ்வகைக் கலங்கள் பலவற்றின் வரம்பு 3 மெகாபஸ்கால்தான். மூடி விளிம்பில் வெள்ளைப் படிவு காணப்பட்டது: கசிந்த ஆவியோடு வந்த அமோனியம் காபனேற்று. ஆவி கசிந்தால் நீர் மட்டம் இறங்கும், மேலே இருந்த கட்டிகள் கரைசலுக்கு வெளியே நிற்கும். இது பொருள் கெடும் பிரச்சினை மட்டுமல்ல. கலம் வெடித்தால் ஆள் போகும். வரம்பை மீறிச் சரக்கேற்றும் பழக்கத்தை எந்த ஆய்வுகூடமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, உலையின் பின்புறம். 350 பாகை என்று முகப்பு காட்டினாலும் சிறிய உலைகளின் உள்ளே இடத்துக்கிடம் பல பத்துப் பாகை வேறுபடும். வெப்பநிலை அளக்கும் தனியான வெப்ப இணையொன்றைக் கட்டிகளின் இடத்தில் வைத்துப் பார்த்தபோது பின் சுவரருகே 400ஐத் தாண்டியிருந்தது. கல்சைட் உச்சி அங்கிருந்து வந்தது.

இவற்றோடு, பொசுபேற்றைக் கணக்குக்குச் சரியாக, மிச்சமில்லாமல் போட்டதும் சேர்ந்துகொண்டது. மாற்றம் முடிவை நெருங்கும்போது கரைசலில் பொசுபேற்று வற்றிப்போகும். அந்த நேரத்தில் மாறக் காத்திருப்பது நடுப்பகுதிதான்.

திருத்திய செய்முறை

உலையில் 330 பாகை, தனி வெப்ப இணை, கட்டிகள் உலையின் நடுவில் மட்டும், நான்கு மணி நேரம்.

பொசுபேற்றுக் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கட்டிகளை நெய்த வலைக்குள் அமிழ்த்தி, வெற்றிடப் பம்பியால் காற்றை உறிஞ்ச வேண்டும். குமிழி நின்றதும் காற்றை மெல்ல உள்ளே விட்டு, மறுபடி உறிஞ்சுங்கள். காற்றை உள்ளே விடும் கணத்தில்தான் கரைசல் துளைகளுக்குள் ஏறும். ஒரே தடவை நீண்ட நேரம் உறிஞ்சுவதைவிட, பல தடவை மாற்றி மாற்றிச் செய்வதே பலன் தரும். ஒவ்வொரு கட்டியும் 1.1 கிராமைத் தாண்டும் வரை நிறுத்தக் கூடாது. கட்டிக்குக் கட்டி அடர்த்தி சிறிது மாறும் என்பதால், உலர்ந்த எடையிலிருந்து அதனதன் இலக்கைக் கணக்கிட்டால் இன்னும் நல்லது.

100 மில்லிலீற்றர் கலத்துக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். எட்டு ஒன்பது கட்டிகள். அதற்குரிய டைஅமோனியம் பொசுபேற்று 1.58 கிராம், 15 சதவீதம் கூட்டி 1.82 கிராம். கரைசல் மொத்தம் 60 மில்லிலீற்றர். கூடுதல் பொசுபேற்றுக்கு டைஅமோனியம் உப்புத்தான் ஏற்றது. அதன் கரைசல் பீ.எச். 8 அளவில் நிற்கும். மொனோஅமோனியம் உப்பும் நூல்களில் பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆனால் அது அமிலப் பக்கம். அதைக் கூட்டிப் போட்டால் கல்சியம் குறைந்த வேறு பொசுபேற்றுகள் கலந்து வரும் வாய்ப்பு அதிகம்.

கட்டிகளை டெப்லோன் வலையால் அமிழ்த்தி, 200 பாகையில் 48 மணி நேரம். மின்சாரம் நின்று கலம் குளிர்ந்துவிட்டால் தொகுதி பாழில்லை. மூடியைத் திறக்காமல் மீண்டும் சூடேற்றி, 200 பாகையில் இருந்த நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். சூளை நடுவில் நின்றால் அந்தச் சலுகை இல்லை, திடீர்க் குளிர்ச்சியில் கட்டி வெடிக்கும்.

கலத்தை 40 பாகைக்குக் கீழே குளிரவிட்டு, ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் திறக்க வேண்டும். கரைந்திருந்த வாயு சோடாப் போத்தல் போல் பொங்கும், அமோனியா மூக்கை அடைக்கும். பின்பு கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நீரை மாற்றி, மறுபடி கழுவி, கழுவிய நீரின் மின்கடத்துதிறன் புதிய நீரின் அளவுக்கு இறங்கும் வரை தொடருங்கள். துளைக்குள் பொசுபேற்று மிஞ்சினால் சூளையில் டிரைகல்சியம் பொசுபேற்று உண்டாகும். கோணல் படத்தில் 31.0 பாகை உச்சி அதைக் காட்டிக்கொடுக்கும். 110 பாகையில் உலர்த்தியதும், சூளைக்கு முன், ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஒரு கட்டியை அறுத்து வினாகிரிச் சோதனை. நடுவில் ஒரு குமிழி எழுந்தாலும் அந்தக் கலத்துச் சரக்கு சூளைக்குப் போகாது. புதிய கரைசலில் மறுபடி கலத்துக்கே போகும்.

சுடுவதற்கு அலுமினாத் தட்டு, 600 பாகை வரை நிமிடத்துக்கு 1 பாகை, அதன் பின் 3 பாகை, 1200இல் இரண்டு மணி நேரம், உலைக்குள்ளேயே குளிர்தல். 1300ஐத் தாண்டினால் அபடைட்டே சிதையத் தொடங்கும். சுட்ட கட்டியொன்றைப் பொடித்து நீரில் கலக்கிப் பினோத்தலீன் விட வேண்டும். அழுத்தமான சிவப்பு வந்தால் தொகுதி நிராகரிப்பு.

இப்படிச் செய்த கட்டிகளில் நடுத் தூளிலும் 27.2, 29.4 பாகைகளில் உச்சி இல்லை. அதே மூடாத தட்டில், அதே காற்றில் பிளவும் இல்லை.

இதற்குப் பிறகு இருப்பவை

பலத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டாம். இந்தக் கட்டிகளின் அமுக்க வலிமை ஓரிரு மெகாபஸ்கால் அளவில்தான் இருக்கும். நம் உடலின் பஞ்செலும்பு பொதுவாக 2 முதல் 12 வரை. தொடை எலும்பிலோ முள்ளந்தண்டிலோ சுமை தாங்க வைக்கும் பொருள் இதுவல்ல. நாலு பக்கமும் எலும்புச் சுவர் உள்ள குழியை நிரப்பத்தான் இது. பொலிகப்ரொலக்டோன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசினால் நொறுங்குவது குறையும், ஆனால் அதற்குப் பிறகு நீராவியில் கிருமி நீக்க முடியாது. அந்தப் பல்பகுதியம் 60 பாகையில் உருகும்.

பூசாத கட்டிக்குக் கிருமி நீக்கம் சிக்கலில்லை. காமாக் கதிர் 25 கிலோகிரே வழமையான அளவு. பியகமவில் இலங்கை அணுசக்திச் சபையின் கதிர்வீச்சு நிலையம் இருக்கிறது. பொதியை முத்திரையிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கடல் மூலப்பொருளில் விட்டுவிடவே கூடாத சோதனை பார உலோகங்கள். மருத்துவத் தர ஹைட்ரொக்சிஅபடைட்டுக்கு உலகம் ஏற்ற வரம்புகள்: ஆசனிக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம், கட்மியம் 5, இரசம் 5, ஈயம் 30, மொத்தம் 50. கணவாய் கட்மியத்தைத் தன் செரிமானச் சுரப்பியில் சேர்க்கும் உயிரி. ஓட்டில் அது குறைவாகவே இருக்கும் என்றாலும், கழுவும்போது குடல் பகுதி ஓட்டில் ஒட்டிக்கிடந்தால் எண் ஏறும். ஓட்டை வாங்கும் இடத்திலேயே பிரித்துக் கழுவச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு தொகுதியிலும், சுட்ட பொருளிலேயே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மூல ஓட்டில் ஒரு தடவை செய்து கோப்பில் வைப்பது போதாது.

உயிர்க்கலங்களில் நச்சுத்தன்மைச் சோதனை, விலங்குச் சோதனை, நெறிமுறைக் குழுவின் அனுமதி, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு எல்லாம் இதற்கு மேலே நிற்கும் படிகள். அவற்றில் எதையும் தாண்டிக்கொண்டு நண்பரான பல் மருத்துவரிடம் "வைத்துப் பாருங்கள்" என்று ஒரு கட்டியைக் கொடுப்பது குற்றம்.

நடுவில் காபனேற்று மிஞ்சுவது எல்லா இடத்திலும் குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பவளத்தில் செய்த புரோ ஒஸ்டியோன் ஆர் வகையில் காபனேற்றின் மேல் சில மைக்ரோமீற்றர் அபடைட் படலத்தை மட்டும் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். உடலில் அபடைட் மெதுவாகவே கரையும், காபனேற்று விரைவாகக் கரைந்து புதிய எலும்புக்கு இடம்விடும். அதை நமது ஓட்டிலும் செய்யலாம். ஆனால் அந்தப் பொருளை ஒருபோதும் சுடக்கூடாது. படலத்தின் தடிப்பு ஒவ்வொரு தட்டிலும், கட்டியின் நடுவிலும், ஒரே அளவில் வர வேண்டும். அதற்கும் காற்றை முழுதாக உறிஞ்சிய கட்டியே வேண்டும். கலத்தில் இருக்கும் நேரத்தை மணிக்கணக்கில் அல்ல, இன்னும் குறுகிய இடைவெளிகளில் மாற்றி, வெட்டு முகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அளந்து நிர்ணயிக்க வேண்டும். பல் குழிக்கான 0.5 முதல் 1 மில்லிமீற்றர் மணிகளுக்கு, சுட்ட கட்டியைவிட இந்த வழியே பொருத்தமானது என்பது நமது எண்ணம். மணி சிறியது, வெட்டு முகம் அதிகம், கரைசல் எங்கும் போகும், சூளைச் செலவும் மிச்சம்.